என்ன கேஸாம்?

தடுப்புக் காவலில் ஒரு தமிழ்ப் பையன் இறந்துவிட்டான் என்று செய்தி வந்தால், வாட்ஸ்அப் குழுவில் நாம் முதலில் கேட்பது ‘எப்படி இறந்தான்?’ என்று அல்ல. ‘என்ன கேஸாம்?’ என்றுதான். திருட்டுக் கேஸ் என்று பதில் வந்தால் வருத்தம் பாதியாகக் குறைந்துவிடும். ‘குண்டர் கும்பல்ல இருந்தானாம்’ என்றால் பேச்சு அதோடு முடிந்தது. ‘தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்?’ என்று ஒரு மாமா எழுதுவார். நாலு பேர் கட்டைவிரல் போடுவார்கள்.

உரிமை என்பது நல்ல பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பரிசு என்ற நினைப்பு அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நம் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதி, கைது செய்யப்பட்ட எந்த ‘நபரை’ப் பற்றியும் பேசுகிறது. காரணத்தைச் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ‘நிரபராதியாக இருந்தால்’ என்று அதில் இல்லை. இருக்கவும் முடியாது. ஒருவன் குற்றவாளியா இல்லையா என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாதே.

2009 ஜனவரியில் குகன் கைதானது கார் திருட்டுச் சந்தேகத்தில். சில நாளில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலிலேயே இறந்துபோனார். நுரையீரலில் நீர் கோத்ததுதான் காரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பம் விடவில்லை. இரண்டாவது பரிசோதனை அடித்த காயங்களைக் காட்டியது. 2013இல் உயர் நீதிமன்றம் 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அவர் கார் திருடினாரா? நீதிமன்றம் விசாரித்திருக்கும். விசாரிக்க ஆள் உயிரோடு இல்லை.

‘உன் வீட்டுல திருடு போயிருந்தா இப்படிப் பேசுவியா?’ என்பார்கள். நியாயமான கோபம். அடுக்குமாடி வீடுகளில் கும்பல்களுக்குப் பயந்து வாழ்பவர்களும் நம் ஆட்கள்தான். ஆனால் லோக்கப்பில் விழும் அடி களவு போன நகையைத் திருப்பித் தராது. அடி தாங்காமல் ஒருவன் ஒப்புக்கொண்டால், உண்மையான திருடன் வெளியே சுற்றிக்கொண்டிருக்கவும் கூடும்.

நான் பொறியாளன். பாய்லரை ஓட்டும் குழுவே அதற்குத் தகுதிச் சான்றிதழ் எழுதிக்கொள்ள முடியாது. அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. தன் வேலையைத் தானே பரிசோதிப்பவன் கண்ணுக்கு விரிசல் சீக்கிரம் தெரியாது. போலீஸ் மீதான புகாரைப் போலீஸே விசாரிப்பதிலும் இதே சிக்கல்தான். சுயேச்சையான ஆணையம் ஒன்று வேண்டும் என்று 2005இலேயே அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்தது. 2023 ஜூலையில்தான் ஐபிசிசி என்ற ஆணையம் செயலுக்கு வந்தது. அதுவும் விசாரித்துப் பரிந்துரை செய்யலாம். தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

அதிகாரம் கூடிய ஆணையமே வந்தாலும், புகார் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். சாலைத் தடுப்பில் மரியாதையில்லாமல் பேசினார்கள் என்று படித்து வேலையில் இருப்பவன் புகார் எழுதுவான். ஏற்கெனவே ரெக்கார்டு உள்ளவன் எழுத மாட்டான். ‘என் பேச்ச யாரு நம்புவா?’ என்பான். அதிகம் அடி வாங்குபவனிடமிருந்து குறைவான புகார் வருகிறது என்றால், அதில் நம் பங்கும் இருக்கிறது. அவனை யாரும் நம்பப்போவதில்லை என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நம் ‘என்ன கேஸாம்?’தான்.

அந்தக் கேள்விக்கு நீதிமன்றம் பதில் சொல்லட்டும். நாம் கேட்க வேறு கேள்விகள் உண்டு. எத்தனை மணிக்குப் பிடித்தார்கள்? வீட்டுக்குச் சொன்னார்களா? வக்கீலைப் பார்க்க விட்டார்களா? மாஜிஸ்திரேட் முன் போகும்போது நடந்து போனானா? அவன் திருடனாகவே இருந்தாலும் இவை கேட்க வேண்டிய கேள்விகள்தான்.