உள்ளிருந்து வரும் கறள்

மோட்டார் சைக்கிளின் எஞ்சின் தன் குறையைத் தானே சொல்லிவிடும். வால்வு இடைவெளி கூடினால் தட்டும். பிஸ்டன் ரிங் தேய்ந்தால் சைலன்சரில் நீலப்புகை வரும். செயின் தளர்ந்தால் பெட்டிக்குள் உரசி ஊருக்கே கேட்கும். அதனால் நாம் எஞ்சினைக் கவனிக்கிறோம். ஒயில் மாற்றுகிறோம், பிளக் துடைக்கிறோம், கார்புரேட்டரைக் கழற்றி ஊதுகிறோம். சேசிஸ் ஒன்றும் சொல்வதில்லை. எஞ்சினையும் நம்மையும் பின்னால் கட்டிய மூட்டையையும் அதுதான் தாங்குகிறது. தாங்க முடியாமல் போகும் நாளில்தான் அதன் சத்தம் கேட்கும். அப்போது வண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

பழைய வண்டியோடு வாழ்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். மட்டக்களப்பு வாவிக்கரையில் பழைய வண்டியோடு வாழ்வது கொஞ்சம் வேறு. ஏறாவூரிலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளும் உவர் நீர் இது. எழுவான்கரைக் கிராமங்கள் பலவும் கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல் திட்டில் இருக்கின்றன. கிழக்கே கடற்காற்று, மேற்கே வாவிக்காற்று. வாடைக்காற்று வீசும் மாதங்களில் காலையில் சீற்றைக் கையால் துடைத்தால் விரலில் பிசுபிசுப்பு ஒட்டும், நாக்கில் வைத்தால் உப்பு. வீட்டுக் கதவின் பிணைச்சல், கிணற்றுக் கப்பி, கூரை ஆணி, எல்லாவற்றையும் இந்தக் காற்று தின்கிறது. மோட்டார் சைக்கிளை மட்டும் விட்டுவைக்குமா?

என்னிடம் இருப்பது ஹோண்டா எம்.டி. 90. ஜப்பானில் தபால்காரர்கள் கடிதம் கொண்டு திரிந்த வகை. 1958இல் வெளிவந்த சூப்பர் கப் குடும்பத்தில் பிறந்தது. அந்தக் குடும்பத்தின் வண்டிகள் 2017க்குள் பத்துக் கோடியைத் தாண்டிவிட்டன. இலங்கைக்கு இவை பெரும்பாலும் பாவித்த வண்டிகளாகவே வந்து, கைமாறிக் கைமாறி வாவியின் இரு கரைகளிலும் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் ஊரில் இருந்த பழைய வண்டிகளுக்கு ஓய்வே இல்லை. 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று கியூ.ஆர். அட்டையில் அளந்து தந்தபோது, இப்படிச் சிக்கனமாக ஓடும் வண்டிகள்தான் பல வீடுகளின் அடுப்பை எரிய வைத்தன.

இந்த வகையின் சேசிஸ் குழாய்க் கம்பியால் ஆனதல்ல. அழுத்தி வளைத்த இரும்புத் தகடுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து வெல்டிங் வைத்தது. உள்ளே வெற்றிடம். பின்சில்லு வாரியடிக்கும் சேறும் தண்ணீரும் அடியிலுள்ள துவாரங்களாலும் மூட்டுகளாலும் உள்ளே போகும். தண்ணீர் வெளியேற வைத்த துவாரமே சேற்றால் அடைபட்டுவிட்டால் போனது வெளியே வராது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அந்த ஈரத்தில் இரும்பும் ஒட்சிசனும் சேர்ந்து கறளாகின்றன. கறளுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும், அதனால் அது பெயின்றைத் தூக்கிப் பொருக்காக்குகிறது. வெளியே ஒரு பொருக்கு தெரிகிற நேரத்தில், உள்ளே தகடு பாதியாக மெலிந்திருக்கக் கூடும்.

இதை மிகக் கொடுமையாக அனுபவிப்பவை மீன் வியாபாரிகளின் வண்டிகள். விடியப் புறம் கரையில் மீன் எடுத்து, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, பின் கரியரில் கட்டிக்கொண்டு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை ஊர்களுக்குப் போவார்கள். ஐஸ் உருகிய தண்ணீர் மீனின் உப்போடும் இரத்தத்தோடும் சொட்டுச் சொட்டாக வழி முழுக்கச் சேசிஸின் பின்பகுதியில் இறங்கும். பாரமும் அதே இடத்தில், உப்பும் அதே இடத்தில். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மீன்காரத் தம்பி பெட்டிக்கு அடியில் பழைய டியூப் ரப்பரை விரித்து, தண்ணீர் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் விழும்படி ஒரு குழாய் பொருத்தியிருக்கிறார். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. முதல் வண்டியின் சொக் பிடிக்கும் இடம் பிய்ந்து நடுவழியில் நின்றதிலிருந்து அவராகக் கண்டுபிடித்தது. இந்த ஊரில் நான் பார்த்த பொறியியலில் அதை உயர்வான ஒன்றாகவே எண்ணுகிறேன்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிக் காதைக் கொடுத்துக் கேட்பார்கள், டயரை நகத்தால் கீறிப் பார்ப்பார்கள், புத்தகத்தைப் புரட்டுவார்கள். நான் வாங்கப் போனபோது கராச் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. சீற்றைத் தூக்கினார். குனிந்து சொக் பிடிக்கும் இரண்டு பக்கமும் பார்த்தார். சிறிய ஸ்பானரால் தகட்டை இடம் இடமாகத் தட்டினார். திடமான தகடு கணீரென்றது, கறள் தின்ற இடம் மந்தமாகச் சத்தமிட்டது. முன்சில்லைத் தூக்கி ஹாண்டிலை இரு பக்கமும் திருப்பிக் கோன் செட்டின் இறுக்கம் பார்த்தார். பின்னால் நின்று இரு சில்லுகளும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். அதற்கு முன் நாங்கள் பார்த்த வேறொரு வண்டி பளபளவென்று புதுச் சிவப்பில் நின்றது. அதன் கிட்டவும் அவர் போகவில்லை. “மனே, புதுப் பெயின்ற் அடிச்ச சேசியக் கண்டா முதல்ல பயப்படு. பழைய பெயின்ற் பொய் சொல்லாது” என்றார்.

அந்த வார்த்தை வண்டியை விட்டும் என்னோடு வந்துகொண்டே இருக்கிறது. பெயின்ற் இரும்பைக் காக்கத்தான் இருக்கிறது. ஆனால் கறளைச் சுரண்டாமல் மேலே பூசிய பெயின்ற், கீறல் தன்னைக் காட்டக்கூடிய ஒரே வழியையும் மூடிவிடுகிறது. உள்ளே ஈரம் அப்படியே இருக்கிறது, நோய் தொடர்ந்து நடக்கிறது, பார்க்கிறவனுக்குத்தான் நிம்மதி.

கீறல் என் வண்டியிலும் வந்தது. இடப் பக்கச் சொக்குக்கு மேலே, பெயின்றில் மயிரளவு பழுப்புக் கோடு. கழுவித் துடைத்த மறுநாளும் அதே இடத்தில் பழுப்பு கசிந்திருந்தது. உள்ளே கறள் இருந்து வெளியே வழி கண்டுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அண்ணன் அதைத் திருத்திய விதத்தை நான் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இந்த வண்டிக்குப் பெற்றோல் டாங்க் சீற்றுக்குக் கீழேதான். முதலில் அதைக் கழற்றித் தூரத்தில் கொண்டுபோய் வைத்தார். பற்றரி வயரைக் கழற்றினார், இல்லாவிட்டால் வெல்டிங் மின்சாரம் வயரிங்கைப் பதம் பார்த்துவிடும். பெயின்றையும் கறளையும் வெள்ளி இரும்பு தெரியும்வரை சுரண்டினார். கோடு எங்கே முடிகிறது என்று தேடிப்பிடித்து, அந்த நுனியில் சிறு துவாரம் போட்டார். கூரான நுனியில்தான் இழுவை எல்லாம் குவியும், நுனி வட்டமானால் கீறல் மேலே ஓடாது. அதற்குப் பிறகே வெல்டிங். மேலே வைத்த துண்டுத் தகட்டின் மூலைகளையும் வட்டமாக அராவினார். சதுர மூலை வைத்தால் அடுத்த கீறல் அந்த மூலையில் பிறக்குமாம். கடைசியில் வெளிர் சாம்பல் பெயின்ற் அடித்தார். வண்டி சிவப்பு, ஒட்டு மட்டும் சாம்பல். அசிங்கமாக இல்லையா என்று கேட்டேன். இனி ஒரு கோடு விழுந்தால் அந்த நிறத்தில்தான் உடனே தெரியும் என்றார்.

அவர் செய்ய மறுக்கும் வேலையும் ஒன்று உண்டு. “கழுத்தில கீறல் விழுந்தா நான் கை வைக்க மாட்டன் மனே.” ஹாண்டில் பொருந்தும் கழுத்துப் பகுதி விட்டுப்போனால் முன்சில்லு தனியே போகும், ஆள் மிஞ்ச மாட்டான். அப்படி வந்த வண்டிகளை, எவ்வளவு கெஞ்சினாலும், உதிரிப்பாகமாகக் கழற்றச் சொல்லி அனுப்பிவிடுவார். திருத்துகிற ஒருவரிடம் நான் எதிர்பார்க்கும் நேர்மையில் பாதி இந்த மறுப்பில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் வண்டியைக் கழுவும் முறை மாறிவிட்டது. வாவியை ஒட்டிய கிணறுகள் சில கோடையில் உவர்த்துவிடும், அந்தத் தண்ணீரால் கழுவினால் உப்புக்கு உப்புச் சேர்ப்பதுதான். குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ வேண்டும். சேர்விஸ் நிலையத்தின் அழுத்தத் தண்ணீர் சேற்றை மூட்டுகளுக்குள்ளேயே தள்ளிவிடும், பெயாரிங் கிறீஸையும் கரைத்துவிடும். வாளியும் துணியும் போதும். அடித்துவாரங்களைக் கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும். காய்ந்த பிறகு உட்புற மூட்டுகளில் மெல்லியதாகக் கிறீஸ் தடவலாம். சிலர் கழிவு ஒயிலை ஊற்றுவார்கள். இரும்புக்கு அது நல்லதுதான். மாரியில் அது கழுவுண்டு போய்ச் சேர்வது இறால் பிடிக்கும் தண்ணீரில், ஆகவே நான் ஊற்றுவதில்லை. இத்தனையிலும் பெரிய பயன் சுத்தம் அல்ல. துணியோடு கை சேசிஸின் ஒவ்வொரு மடிப்புக்கும் போய் வருகிறது. கண் தவறவிட்ட கோட்டை விரல் கண்டுபிடிக்கும். நேற்று இல்லாதது இன்று இருக்கிறது என்று அறிய, நேற்றும் தொட்டிருக்க வேண்டும்.

தினமும் மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய் வருகிறேன். 2014 ஏப்ரலில் அது திறக்கும்வரை அந்தத் துறையில் ‘பாதை’ எனப்படும் மிதவை ஓடியது, மோட்டார் சைக்கிள்களைப் பலகைமேல் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடந்தது. நகரத்துக்குப் போனால் கல்லடியில் வேறொரு இரும்பு நிற்கிறது. 1924இல் திறந்த லேடி மன்னிங் பாலம். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்தபின் பெரிய வாகனங்கள் அதற்கு மாறிவிட்டன. ஏறக்குறைய 90 வருடங்கள் உவர் நீருக்கு மேலே அந்த இரும்பு ஊரின் பாரத்தைச் சுமந்தது. 1978 நவம்பர் சூறாவளியையும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையையும் கண்டது. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ சிலர் அதைச் சுரண்டியிருப்பார்கள், பெயின்ற் பூசியிருப்பார்கள். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. அவர்களுக்கு எந்தக் கல்வெட்டும் கிடையாது. விழாத பாலத்தை யாரும் செய்தியாக எழுதுவதில்லை.

விழுந்த பாலம் செய்தியாகிறது. அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றின்மேல் 1928இல் கட்டிய சில்வர் பாலம் 1967 டிசம்பர் 15 மாலை, வாகன நெரிசலில் அப்படியே ஆற்றில் விழுந்து 46 பேர் இறந்தார்கள். காரணம் தாங்கு சங்கிலியின் ஒரு கண்ணியில் இருந்த, ஆழம் 2.5 மில்லிமீற்றர்தான் வரும் ஒரு கீறல். கழற்றாமல் பார்க்கவே முடியாத இடத்தில் அது பல வருடம் இருந்தது. அந்த நாட்டில் பாலங்களைக் காலம் தவறாமல் பரிசோதிக்கச் சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான்.

ஒன்டாரியோவில் இருக்கும் மச்சான் போனில் பேசும்போது இந்தக் கதைகளையே வேறு குளிரில் சொல்வார். அங்கே பனியைக் கரைக்கத் தெருவில் உப்புப் போடுகிறார்கள், காரின் அடிப்பகுதி அதில் கரைகிறது. பாவித்த ஸ்னோமொபைல் ஒன்றை அவர் வாங்கப் போனபோது, எஞ்சின் நன்றாக இருந்தும், பின் சஸ்பென்ஷன் பொருந்தும் போல்ட்டுகளைச் சுற்றி அலுமினியத் தகட்டில் கீறல் இருந்ததாம். பனிமேட்டில் துள்ளித் துள்ளி விழுந்த ஒவ்வொரு அடியும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

பழையதை வாங்குகிறவன் யாரோ ஏற்றிய பாரங்களையும் சேர்த்து வாங்குகிறான். இதை நினைக்கும்போது எனக்கு மனிதர்களே நினைவுக்கு வருகிறார்கள். எங்கள் பக்கத்தில் “அவ ஒண்டும் சொல்ல மாட்டா, எல்லாத்தையும் தாங்குவா” என்று சில பெண்களைப் புகழ்வோம். யுத்தத்தில் துணையை இழந்து பிள்ளைகளை ஆளாக்கியவர்கள், மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்து தங்கைகளுக்கு வீடு கட்டியவர்கள். அவர்கள் அனுப்பிய காசில் சுவர் எழும்பிப் பெயின்றும் அடித்தாயிற்று. பணம் வருகிறவரை அங்கே சுகமாகத்தான் இருக்கிறா என்று வீடு நம்பும். திரும்பி வந்தபின் அடுத்த பாரமும் அவர்கள் தோளுக்கே போகும், தாங்குகிறவள் என்ற பெயர் இருக்கிறதே. மௌனத்தைப் பலம் என்று எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் எனக்குக் கோபம் தருகிறது. சத்தம் போடுகிறவனுக்கு மருந்து, தேத்தண்ணி, ஆறுதல் எல்லாம் கிடைக்கிறது. போடாதவளுக்குப் புகழ் மட்டும்.

சந்தேகத்தோடு ஒருவரைத் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்லவில்லை. அது வாங்கப் போகிறவனின் பார்வை. ஏற்கெனவே நம்மோடு இருப்பவருக்கு வேண்டியது வேறு. ஒரு காரணமும் இல்லாமல் அடிக்கடி பக்கத்தில் போய் இருப்பது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய அக்கா ஒருவரின் வீட்டுக்கு என் அம்மா பின்னேரங்களில் போய், ஒன்றும் கேட்காமல், கீரை ஆய்ந்துகொண்டு இருப்பார். மாதக்கணக்காக அப்படிப் போனபின் ஒரு நாள்தான் அந்த அக்கா வாய் திறந்தாராம். என்ன சொன்னார் என்று அம்மா இன்றுவரை எங்களிடம் சொன்னதில்லை.

போன மாதம் படுவான்கரையிலிருந்து ஒருவர் என் எம்.டி. 90ஐ விலை கேட்டு வந்தார். வயல்வாடிக்குப் போய்வரவும் விதை மூட்டை ஏற்றவும் வேண்டுமாம். ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டு எஞ்சின் நல்லாயிருக்கு என்றார். சீற்றைத் தூக்கிச் சாம்பல் ஒட்டைக் காட்டினேன். எப்போது வைத்தது, யார் வைத்தது, எத்தனை மூட்டைக்கு மேல் ஏற்றக் கூடாது என்றெல்லாம் சொன்னேன். அவர் விலையைக் குறைத்துக் கேட்டார். அது நியாயமான விலைதான். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பியிருக்கிறேன். கொடுப்பதாக முடிவெடுத்தால், கராச் அண்ணன் இருக்கும் இடத்தையும் எழுதிக் கொடுத்துவிடுவேன்.