நுகத்தடியில் ஒரு சொல்

சித்திரை மாத மாலை. திருக்கனூரில் குருவின் வீட்டுத் திண்ணை. காலாப்பட்டு சட்டக் கல்லூரியில் படிக்கும் சீடன் புத்தகமும் கையுமாக வந்தான்.

சீடன்: ஐயா, ‘இன்கோயேட்’ என்று ஓர் ஆங்கிலச் சொல். தொடங்கி நிறைவேறாத குற்றங்களுக்குச் சட்டத்தில் இந்தப் பெயர். ‘கேயாஸ்’ என்ற குழப்பத்திலிருந்து பிறந்ததோ? நம்மூர் பொம்மைக்காரர்கள் அரைத்து வைக்கும் காகிதக்கூழ் மாதிரி, உருவம் வராத நிலை.

குரு: எழுத்துக்கூட்டு உன்னை ஏமாற்றிவிட்டது. மூலம் லத்தீன் ‘இன்கோஹாரே’. அதற்குள் இருப்பது ‘கோஹும்’, ஏர்க்காலை நுகத்தடியோடு பிணைக்கும் வார். ஃபெஸ்டஸ் என்ற ரோமானியர் தம் சொல்விளக்க நூலில் அந்த வாருக்கு இப்படித்தான் பொருள் தருகிறார்.

சீடன்: அப்படியானால் ஏர் பூட்டுவதா?

குரு: அதேதான். உன் தாத்தா சித்திரையில் நல்லேர் பூட்டுவாரே!

சீடன்: பூட்டியாகிவிட்டது என்றால் அரைகுறை என்ற பொருள் எப்படி வந்தது?

குரு: ஒரு சாலாவது ஓடியதா? மண் அப்படியே கிடக்கிறது. ஆனால் மாடு இனி தன் போக்கில் மேயப் போக முடியாது. அந்த நடுப்பொழுதின் பெயர் அது. உன் சட்டமும் அங்கேதானே கைவைக்கிறது?

சீடன்: ஆமாம் ஐயா. மனத்தில் நினைத்தால் மட்டும் முயற்சிக் குற்றம் ஆகாது. அதை நோக்கி ஒரு செயலும் வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 62ஆம் பிரிவு கேட்பது அதைத்தான்.

குரு: சரி, ‘தொடக்கு’ என்றால்?

சீடன்: ஆரம்பி.

குரு: கட்டு, பிணை என்றும் பொருள் உண்டு. தமிழ்ப் பேரகராதியைப் புரட்டிப் பார். லத்தீனும் தமிழும் உறவுமொழிகள் அல்ல. ஆனாலும் இரண்டும் தொடக்கத்தைக் கயிற்றோடு சேர்த்தே பார்த்திருக்கின்றன. இதை முதலில் கண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லையப்பா.

சீடன்: தொடங்குவது விடுதலை என்றல்லவா நினைத்தேன்? கட்டு என்றால் பயமாக இருக்கிறது.

குரு: இருக்கட்டும். கட்டாத மாடு எவ்வளவு வலுவானாலும் கொழு மண்ணில் இறங்காதே.

சீடன்: பூட்டினால் அவிழ்க்கவே கூடாதா?

குரு: உழவன் வெயில் ஏறினால் தினமும்தான் அவிழ்க்கிறான். மறுநாள் விடியலில் அதே கயிற்றைத் தேடுகிறான். தாத்தாவின் நுகத்தடி இருக்கிறதா?

சீடன்: கொட்டகையில் செருகிக் கிடக்கிறது ஐயா. டிராக்டர் வந்தபின் யாரும் தொடவில்லை.

குரு: எடுத்துத் துடைத்து வை. காலையில் வருகிறேன். அந்த வார் எங்கே உட்காரும் என்று காட்டுகிறேன்.