ஏகாந்தத்தின் கீதம்

பொருநை பாயும் திருநெல்வேலிச் சீமையில், கரையிருப்பு என்னும் ஊரில், 1827-ஆம் ஆண்டு வைஷ்ணவக் குடும்பமொன்றில் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1858-இல் ஞானஸ்நானம் பெற்றபோது, முன்னோரின் பக்திப் பரவசத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வரவில்லை என்பதற்கு, அவர் பாடிய ‘இரட்சணிய மனோகரம்’ சாட்சியாக நிற்கிறது. அவருடைய ‘இரட்சணிய யாத்திரிகம்’ மகாகாவியமே எனினும் அது வித்வான்களின் சபைக்குரியது. மனோகரத்தில் ஆண்டவரைத் தனியே விளித்து உருகும் தோத்திரங்களோ — இது என் பக்ஷபாதமாகவும் இருக்கலாம் — ஜெபவேளைக்கே உரியவை. பாளையங்கோட்டைப் பக்கத்து வீடுகளில், அடுப்பு மூட்டுவதற்கு முன்னரே எழுந்து, அட்டை கிழிந்த பாட்டுப் புஸ்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஏட்டைப் பாராமலே தாழ்ந்த குரலில் கீர்த்தனை பாடும் ஆச்சிமார்களுக்கு, தாளம் சற்றே பிசகினாலும், கேட்கிறவர் சங்கீத வித்வான் அல்லர் என்ற தைரியம் உண்டு.