அபிமானம் மாறுவது துரோகமா?

மனிதன் ஒன்றின்மீது வைத்த பிரியம் காலக்கிரமத்தில் வேறொன்றின்மீது சென்று படியும்போது, மாறியது பிரியத்துக்கு உரிய பொருளா அல்லது பிரியம் கொண்ட மனமா என்னும் விசாரணை மிகப் பழமையானது. இவ்விசாரணையில் இறங்கிய ஞானிகளுக்கெல்லாம் ஓர் இடையூறு இருந்துவந்தது. நண்பனையோ, நாயகியையோ, பிறந்த ஊரையோ உதாரணமாக எடுத்துக்கொண்டால், பார்ப்பவன் மாறும் அதே வேளையில் பார்க்கப்படுவதும் மாறிக்கொண்டு வருவதால், எந்த மாறுதல் எதனால் விளைந்தது என்று பிரித்துச் சொல்ல இயலாமற் போய்விடுகிறது. ஒரு பக்கம் அசையாது நிற்க, மறுபக்கத்துக்கு மட்டும் வயதேறும் ஓர் உறவு அகப்படுமானால் விஷயம் எவ்வளவோ தெளிவுபடும். அத்தகைய உறவு ஒன்றை, தத்துவ விசாரத்தைப் பற்றிச் சிறிதும் எண்ணாத ஜப்பானிய விளையாட்டுக் கம்பெனி ஒன்று உலகத்துக் குழந்தைகளின் கையில் கொடுத்திருக்கிறது என்று சொன்னால், கற்றறிந்தோர் சிலர் புன்னகை செய்யக்கூடும். செய்யட்டும், விஷயம் அவ்வளவு அற்பமானதன்று.

1996ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் தேதி, கேம் பாய் என்னும் கையடக்க யந்திரத்துக்காக, சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்புகளாக ஜப்பானில் வெளிவந்தது போக்கிமான். அதனைக் கற்பனை செய்தவர் சதோஷி தாஜிரி. டோக்கியோவின் புறநகராகிய மச்சிதாவில் வயலும் குட்டையும் இருந்த காலத்தில் பூச்சி பிடித்துத் திரிந்த சிறுவர் அவர். வீடுகளும் சாலைகளும் அவற்றை விழுங்கிவிட்ட பின்னர், தாம் அநுபவித்த அந்த ஆனந்தத்தை அடுத்த தலைமுறைக்கு வேறு எவ்வகையிலேனும் கொடுக்க வேண்டுமென்ற ஆசையிலிருந்தே அவ்விளையாட்டு பிறந்தது. புல்வெளியிலும் குகையிலும் நீரிலும் ஒளிந்திருக்கும் விசித்திர ஜந்துக்களைப் பிடிக்கலாம், பெயரிட்டு வளர்க்கலாம், பிறர் வளர்த்தவற்றோடு பொருத விடலாம், மாற்றிக்கொள்ளலாம். முதலில் 151ஆக இருந்த அவற்றின் தொகை இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

இந்த ஜந்துக்களுக்கு மூப்பில்லை. பத்து வயதில் ஒரு சிறுமி பிடித்துப் பெயர் சூட்டிய பிராணி, முப்பது வயதில் அவள் அந்த யந்திரத்தை மீண்டும் எடுத்துப் பார்க்கும்போது, அதே உருவத்தோடும் அதே குரலோடும், அவள் விட்டுச் சென்ற அதே இடத்திலேயே நிற்கிறது. ஆனால் அவளுடைய அபிமானம் அங்கே நிற்பதில்லை. அது போன பாதையைக் கவனித்தால், எல்லோரிடமும் இல்லாவிடினும் பலரிடம், ஒரு வகைக் கிரமம் புலனாகிறது.

குழந்தை முதலில் வணங்குவது வலிமையை. ஆட்டத்தின் தொடக்கத்தில் பேராசிரியர் ஓக் மூன்று குட்டிகளைக் காட்டி ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்கிறார். முதலில் எதிர்ப்படும் இரண்டு பெரிய போட்டிகளில் ஒன்று பாறைப் பிராணிகளோடும் மற்றது நீர்ப் பிராணிகளோடும் ஆகையால், செடிக் குட்டியாகிய பல்பசாரைத் தேர்ந்தவனுக்கு வழி எளிது; நெருப்புக் குட்டியாகிய சார்மாண்டரைத் தேர்ந்தவன் படாத பாடு படுவான். இருந்தும் எத்தனையோ சிறுவர்கள் சார்மாண்டரையே எடுத்தார்கள். அது வளர்ந்து நெருப்புமிழும் சாரிசார்ட் ஆகும் என்பதைப் பெட்டியின் மேலிருந்த சித்திரமே அவர்களுக்கு அறிவித்திருந்தது. பிறகு வரும் பருவத்தில் வலிமை மட்டும் போதாமல், இருளும் தனிமையும் வேண்டியிருக்கின்றன. மனிதர்களால் செய்யப்பட்டு மனிதர்களை வெறுக்கும் மியூடூவும், இரவில் மட்டுமே தன் உருவை அடையும் அம்ப்ரியானும் அப்போது நெஞ்சில் குடியேறுகின்றன. அதற்கும் பின்பு, உத்தியோகமும் வீட்டு வாடகையும் தலைமீது ஏறிய காலத்தில், யாரும் மதியாத அசட்டுப் பிராணிகளிடம் மனம் கனிகிறது. எப்போதும் தலைவலியோடு திகைத்து நிற்கும் சைடக் என்னும் வாத்து அவற்றுள் ஒன்று, பிடூஃப் மற்றொன்று. 2006இல் வந்த இந்தப் பிடூஃப், பீவர் போன்ற முன்பற்களும் மந்தமான முகமும் கொண்டது. வழியை மறிக்கும் மரத்தை வெட்டவும் பாறையை உடைக்கவும் அதை அடிமைபோல் இழுத்துச் சென்றவர்களே அதிகம். அதே பிடூஃபுக்கு 2021 ஜூலை 1ஆம் தேதியைத் திருநாளாக அக்கம்பெனி அறிவித்ததென்றால், ரசிகர்களின் நெஞ்சம் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் மேஜிகார்ப் என்னும் மீனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சந்திர மலையடிவாரத்தில் ஒரு வியாபாரி அதை 500 நாணயத்துக்கு விற்கிறான், வாங்கியவன் ஏமாந்தவன். வாங்கும்போது துள்ளுவதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. அத்துள்ளலால் எவருக்கும் எந்தச் சேதமும் இல்லை. அதைப் பொறுமையோடு வளர்த்து இருபதாம் படிக்குக் கொண்டுவந்துவிட்டால், பயங்கரமான கியாரடோஸாக அது உருமாறிவிடும். சிறுவன் அந்த மீனிடம் காட்டும் பரிவெல்லாம் பின்னால் வரப்போகும் கியாரடோஸை உத்தேசித்தது. பலனைக் கருதிச் செய்யும் பூஜை அது. வயது வந்த ரசிகனோ, கியாரடோஸ் ஆகாவிட்டாலும் பாதகமில்லை, இந்த மீன் இப்படியே துள்ளிக்கொண்டிருக்கட்டும் என்கிறான். மீன் மாறவில்லை, இடைப்பட்ட காலத்தில் அவன் எத்தனையோ இடங்களில் தானும் பயனின்றித் துள்ளிப் பார்த்திருக்கிறான். காமியமான பக்தி நிஷ்காமியமாகக் கனிவதென்று நம் நூல்கள் விவரிப்பதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தென்படவில்லை.

தனி மனிதனின் கதை இவ்வாறிருக்க, கூட்டத்தின் கதை வேறு விதமானது. 2016இல் ஜப்பானில் அதுவரை இருந்த 720 ஜந்துக்களையும் வேட்பாளராக நிறுத்தி ஒரு தேர்தல் நடத்தினார்கள். முதலிடம் பெற்றது கிரெனிஞ்சா என்னும் தவளை, இரண்டாவது ஆர்சியஸ், மூன்றாவது மியூ, பிகாச்சு நான்காவது. ஆர்சியஸ் யாரென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அவ்விளையாட்டின் புராணப்படி, ஒன்றுமற்ற சூனியத்தில் ஒரு முட்டையிலிருந்து தோன்றி, ஆயிரம் கரங்களால் பிரபஞ்சத்தை வகுத்த ஆதிகர்த்தா அது. சிருஷ்டிகர்த்தா தேர்தலில் நின்று தவளையிடம் தோற்ற செய்தியை எந்த மதத்தின் இதிகாசத்திலும் நான் கண்டதில்லை. 2020இல் உலகமனைத்துக்குமாக நடந்த வாக்கெடுப்பிலும் அந்தத் தவளையே வென்றது. கம்பெனியின் முகமாகவே விளங்கும் பிகாச்சு முதல் பத்து இடங்களுக்குள்ளும் வரவில்லை. காரணம் கண்டுபிடிப்பது கடினமன்று. கிரெனிஞ்சா வந்த ஆண்டு 2013. அவ்வாண்டில் எட்டு வயதாயிருந்த குழந்தைக்கு 2020இல் பதினைந்து வயது. ஒவ்வொரு தலைமுறையும் தான் கண்விழித்தபோது எதிரே நின்ற தெய்வத்துக்கே மாலையிடுகிறது.

மாலையிடுவதோடு நின்றால் குற்றமில்லை. அடுத்தவன் தெய்வத்தைப் பழிக்கவும் செய்கிறது. 2010இல் வந்தவற்றுள் குப்பைப் பை வடிவில் ஒன்றும் ஐஸ்கிரீம் வடிவில் ஒன்றும் இருந்தன. முதல் தலைமுறையினர் அவற்றைக் கண்டு, கற்பனை வறண்டுவிட்டது, புனிதம் கெட்டுவிட்டது என்று கூக்குரலிட்டார்கள். தாங்கள் போற்றிய அந்த 151இல் சகதிக் குவியல் ஒன்றும், கண் முளைத்த காந்தம் ஒன்றும், வெறும் உருண்டையாகிய பந்து ஒன்றும் இருந்தனவென்பது அவர்கள் நினைவுக்கு வரவில்லை. 2010இல் சிறுவராயிருந்தவர்கள் இன்று வளர்ந்து, குப்பைப் பைக்காக உருக்கத்தோடு வாதாடுகிறார்கள். இரு சாராரும் ஜந்துக்களைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு தத்தம் பாலியத்தைப் பற்றியே பேசுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு பக்கம் அசையாமல் நிற்கிறதென்று மேலே சொன்னேன். நுணுகிப் பார்த்தால் அதுவும் முழு உண்மையன்று. பழைய யந்திரத்துக்குள் இருப்பது அசையவில்லையே தவிர, அதே பெயரில் புதிய பதிப்புகளில் வருவது மாறிக்கொண்டுதான் இருக்கிறது. 1996இல் பருத்த வயிறோடிருந்த பிகாச்சு, ஆண்டுகள் செல்லச் செல்ல இடை மெலிந்துவிட்டது. சாதாரண இனத்தைச் சேர்ந்ததாயிருந்த கிளெஃபேரி 2013இல் தேவதை இனத்துக்கு மாற்றப்பட்டது. ஆகவே, அதே பிகாச்சுவை அதே மனிதன் நேசிக்கிறான் என்னும் வாக்கியத்தில் 'அதே' என்பது இரண்டு இடத்திலும் ஆட்டங்காண்கிறது. மிலிந்தன் என்ற யவன அரசன் நாகசேனர் என்ற பௌத்த பிக்ஷுவிடம், பிறப்பெடுப்பவன் அவனேயா வேறொருவனா என்று வினவியதாகப் பாலி மொழியில் ஒரு நூல் கூறுகிறது. இரவு முழுவதும் எரியும் விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றுமல்ல, வேறுமல்ல என்ற முறையில் பிக்ஷு விடை பகர்ந்தார். அவ்விடையை ஏற்றால், பத்து வயதில் சாரிசார்டுக்குக் கொடுத்த வாக்கை முப்பது வயதில் மீறியவன் எவனுமில்லை; கொடுத்தவன் வேறு, மீறியவன் வேறு என்று தப்பித்துக்கொள்ளலாம் போலத் தோன்றும். ஆனால் நாகசேனர் அப்படித் தப்பவிடவில்லை. வேறுமல்ல என்ற பாதி விடை கர்மத்தின் பொறுப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பாதி விடையின் பலத்தை 2019ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று காட்டிற்று. அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த வாள், கேடயம் என்னும் பதிப்புகளில், அதுவரை தோன்றிய எல்லா ஜந்துக்களுக்கும் இடமிராது என்று ஜூன் மாதத்தில் அறிவித்தார்கள். வெளிவந்தபோது பாதிக்கு மேற்பட்டவை இல்லை. ரசிகர்களிடையே எழுந்த கோபம் சாமானியமானதன்று. கோபித்தவர்களில் பலர், விடுபட்ட பிராணிகளைப் பல ஆண்டுகளாகத் தொட்டும் பாராதவர்கள். இது பாசாங்கு என்று நிருபர்கள் எள்ளலாம். நான் அவ்வாறு கருதவில்லை. பிரான்ஸ் தேசத்து ஞானி பாஸ்கல், அழகுக்காக ஒருத்தியை நேசிப்பவன் அம்மை நோயால் அவள் அழகு அழிந்தபின் நேசிக்கமாட்டானென்றும், ஆகையால் நாம் நேசிப்பது குணங்களையே ஒழிய ஆளை அன்று என்றும் வாதித்தார். குணங்களை மட்டுமே நேசித்தவனுக்கு, தான் கைவிட்டு வெகுநாளான ஒரு பிராணி இனி வராது என்று கேட்டதும் நெஞ்சு துணுக்குறக் காரணமில்லை. பிரியம் வேறிடம் பெயர்ந்த பின்பும், பழைய இடத்தில் ஏதோ ஒரு கடப்பாடு தங்கியிருக்கிறது. குணங்களின் கணக்கில் வராத அதற்கு பாஸ்கல் இடம் ஒதுக்கவில்லை.

அக்கடப்பாட்டை என்ன செய்வது என்பதற்கு, அவ்விளையாட்டைப் பெற்ற தேசத்திலேயே ஒரு விடை வெகுகாலமாக இருந்துவருகிறது. டோக்கியோவின் அசாகுசாவிலுள்ள சென்சோஜி ஆலயத்தில், ஆண்டுதோறும் பிப்ரவரி 8ஆம் தேதி, தையல் வேலையில் முறிந்தும் துருப்பிடித்தும் போன ஊசிகளைக் கொண்டுவந்து, மிருதுவான டோஃபுக் கட்டியில் குத்தி, உழைத்ததற்கு நன்றி சொல்லி ஓய்வு கொடுக்கிறார்கள். வளர்ந்துவிட்ட பெண்களின் பொம்மைகளுக்கும் இவ்வாறே கோயில்களில் மந்திரம் ஓதப்படுகிறது. சோனி கம்பெனி 1999இல் விற்கத் தொடங்கிய ஐபோ என்னும் யந்திர நாய்களைப் பழுதுபார்ப்பது நின்றுபோன பின்பு, சீபா மாவட்டத்து இசுமியிலுள்ள கோஃபுகுஜி என்ற பௌத்தக் கோயிலில் 2015 முதல் நூற்றுக்கணக்கான நாய்களுக்கு ஈமச் சடங்கு செய்திருக்கிறார்கள். ஊசிக்கும் பொம்மைக்கும் ஆன்மா உண்டா என்று அங்கே யாரும் தர்க்கம் செய்துகொண்டிருப்பதில்லை. அங்கே கவனிக்கப்படுவது விட்டுச்செல்பவனுடைய ஒழுக்கமே. அபிமானம் மாறுவது துரோகமன்று. நேற்றைய அபிமானத்தைப் பொய்யென்றும் மடமையென்றும் மறுதலிப்பதுதான் துரோகம் என்று இவ்வழக்கங்களைக் கொண்டு நான் தீர்மானிக்கிறேன். பிடூஃபை நேசிக்கக் கற்றவன், சாரிசார்டை நேசித்த தன்னையே பரிகாசம் செய்வானாகில், அவன் முதிரவில்லை. கட்சி மாறியிருக்கிறான், அவ்வளவே.

நிரந்தரமாக விடைபெற விரும்பாதவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. 2002இல் வெளிவந்த மாணிக்கம், நீலம் என்னும் பதிப்புகளில் பிடித்த ஒரு ஜந்துவை, 2006ஆம் ஆண்டுப் பதிப்புக்கும், அங்கிருந்து 2010ஆம் ஆண்டுப் பதிப்புக்கும், பிறகு பேங்க் என்னும் சேமிப்பகத்துக்கும், இறுதியாக 2020இல் தொடங்கிய ஹோம் என்னும் இடத்துக்கும், கூடுவிட்டுக் கூடு பாய்வதுபோல் கொண்டுசெல்லலாம். ஒவ்வொரு படியும் முன்னோக்கி மட்டுமே. ஒரு முறை ஏறியது இறங்கி வராது. 1996இலும் 1999இலும் வந்த பழைய அட்டைகளில் உள்ளவற்றுக்கு இந்தப் பாதை இல்லை. அவற்றின் நினைவைக் காக்கும் சிறிய மின்கலம் தீர்ந்ததும் அவை அழிந்துவிடும். பேங்குக்குரிய செயலியை வழங்கிவந்த நிண்டெண்டோ கம்பெனியின் பழைய மின்கடை 2023 மார்ச் மாதத்தில் மூடப்பட்டுவிட்டதால், அதற்கு முன் அதைப் பெற்று வைத்துக்கொள்ளாதவர்கள் இனிப் புதிதாகப் பெற இயலாது. ஏற்கெனவே பெற்றிருப்பவர்கள், பழைய யந்திரங்களையும் வீட்டில் வைத்திருப்பார்களானால், பாலம் திறந்திருக்கும்போதே தங்கள் பிராணிகளை அக்கரை சேர்த்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.