யார் தண்ணீர் ஊற்றுவது?

போன்சாய் என்றதும் நம்மவர்கள் வாயில் முதலில் வரும் சொல் ‘பாவம்’. ஊருக்கே நிழல் தரவேண்டிய ஆலமரத்தை ஒரு சாண் தொட்டியில் அடைத்து, கம்பி சுற்றி, வேரை வெட்டி, அப்புறம் அதை வரவேற்பறையில் வைத்துப் பெருமை வேறயா? தமிழ்ப் புதுக்கவிதையில் போன்சாய் வந்தால் அது பெரும்பாலும் வீட்டுக்குள் குறுக்கப்பட்ட பெண், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் வெட்டிச் செதுக்கப்பட்ட குழந்தை. உவமையாக அது நன்றாகவே வேலை செய்கிறது. மரத்தைப் பற்றித்தான் அது ஒன்றும் சொல்வதில்லை.

போன்சாய்க்கென்று தனியாகக் குட்டை விதை கிடையாது. பெரும்பாலும் சாதாரண பைன், மேப்பிள், எல்ம் மரங்கள்தான். தரையில் இறக்கி நட்டால் மறுபடி ஓங்கி வளரத் தொடங்கிவிடும். பட்டினி போட்டுத்தான் சிறுக்க வைக்கிறார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அப்படியும் இல்லை, உரம் காணாத போன்சாய் சீக்கிரம் நலிந்துபோகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டியிலிருந்து வெளியே எடுத்து, சுருண்டு அடைத்துக்கிடக்கும் வேர்களைச் சீவி, புது மண்ணில் வைக்கிறார்கள். வெட்டிய இடத்தில் இளவேர் பிறக்கிறது. தொட்டியில் இருக்கும் மரத்துக்கு அந்த வெட்டு இல்லாவிட்டால்தான் ஆபத்து. கம்பியும் நிரந்தரம் இல்லை. கிளை படிந்ததும் கழற்றிவிட வேண்டும், மறந்தால் பட்டைக்குள் இறங்கித் தழும்பாகிவிடும்.

வெட்டுவதுதான் கொடுமை என்றால் நீலகிரிக்குப் போய்ப் பாருங்கள். தேயிலையை நாம் செடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அது மரம். விட்டால் வீட்டுக் கூரையைத் தாண்டிப் போகும். கொழுந்து பறிக்கக் கை எட்ட வேண்டுமே என்று கவாத்து பண்ணிப் பண்ணி தலைமுறை தலைமுறையாக இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறோம். அதைப் பார்த்து யாரும் ‘பாவம்’ சொல்வதில்லை. நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம். பயனுக்கு வெட்டினால் விவசாயம், அழகுக்கு வெட்டினால் வதை என்கிற கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை.

ஆனால் இந்தக் குற்றச்சாட்டை அப்படி ஊதித் தள்ளிவிடவும் முடியாது. போன்சாயின் தாய்வீடான சீனத்திலேயே அதைச் சொன்னவர் உண்டு. கோங் ஸிஜென் என்ற எழுத்தாளர் 1839-இல் நோயுற்ற பிளம் மரங்களைப் பற்றி ஒரு சிறிய கட்டுரை எழுதினார். கோணினால்தான் அழகு, நேராக நின்றால் லட்சணமில்லை என்று ரசிகர்கள் சொல்லப்போக, வியாபாரிகள் பிளம் மரங்களை முறுக்கியும் வெட்டியும் விற்கிறார்கள். அவர் 300 தொட்டிகள் வாங்கினார். ஒன்றுகூட நல்ல நிலையில் இல்லை. மூன்று நாள் அழுதாராம். பிறகு தொட்டிகளை உடைத்து, கயிறுகளை அவிழ்த்து, மரங்களைத் தரையில் நட்டார். சிங் அரசு திறமையாளர்களை எப்படி முடக்குகிறது என்பதைத்தான் அவர் மறைமுகமாகச் சொன்னார். சீன வாசகர்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. மரங்கள் தேற அவர் வைத்துக்கொண்ட கெடு ஐந்து வருஷம். அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கினார். இன்னும் நேரமும் நிலமும் இருந்தால் மற்ற மரங்களையும் வாங்கிக் குணப்படுத்துவேனே என்று ஏங்கித்தான் கட்டுரையை முடிக்கிறார். தொட்டியை உடைக்க ஒரு நொடி போதும். உடைத்த பிறகும் அந்த மரங்கள் அவர் பொறுப்பில்தான் இருந்தன.

போன்சாயில் என்னைத் தொந்தரவு செய்வது கத்தரிக்கோல் அல்ல, இந்தப் பொறுப்புதான். தரையில் நிற்கும் மரம் வறட்சி வந்தால் வேரை ஆழத்துக்கு அனுப்பித் தேடும். தொட்டி மரத்துக்குத் தேடப் போக இடமில்லை. கோடையில் ஒரு நாளைக்கு இரண்டு தடவைகூட ஊற்ற வேண்டியிருக்கும். தண்ணீர் ஊற்றப் பழகவே மூன்று வருஷம் ஆகும் என்பது ஜப்பானியத் தோட்டங்களில் வழக்கமான பேச்சு. நீங்கள் இல்லாமலும் பிழைக்கலாம் என்ற வழியை அந்த மரத்திடமிருந்து எடுத்துவிட்டீர்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பைன் உங்களைவிட அதிக நாள் வாழும். ஆகவே இன்னும் பிறக்காத ஒருவர் தலையிலும் இந்த வேலையைக் கட்டிவிட்டுப் போகிறீர்கள்.

ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்திடம் ஒரு வெள்ளை பைன் இருந்தது. 1625-லிருந்து தொட்டியில் வளர்க்கப்பட்டு வரும் மரம். 1945 ஆகஸ்ட் 6 காலை குண்டு விழுந்த இடத்திலிருந்து அவர்கள் வீடு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். கண்ணாடிகள் சிதறின, வீட்டில் இருந்தவர்கள் சிறு காயங்களோடு தப்பினார்கள். உயரமான மதிலுக்குப் பின்னால் இருந்ததால் மரமும் தப்பியது.

இதுவரை எல்லோரும் சொல்கிற கதை. எனக்கு அதற்கடுத்த நாட்களைப் பற்றித்தான் யோசனை. ஆகஸ்ட் வெயில். மழையை மட்டும் நம்பித் தொட்டி பைன் சில நாள் தாங்கலாம், அந்தக் கோடை முழுக்கத் தாங்காது. அப்படியென்றால் யாரோ தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். உடல் வெந்து கிடந்தவர்கள் தண்ணீர், தண்ணீர் என்று கேட்டது உயிர் பிழைத்தவர்களின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அதே நகரத்தில், அதே வாரங்களில், ஒரு குவளைத் தண்ணீர் மரத்துக்குப் போயிருக்கிறது. இது சரியா?

ஜப்பானிலேயே இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. ‘ஹாச்சி நோ கி’ என்ற நோ நாடகத்தில், நிலத்தை இழந்து வறுமையில் இருக்கும் சானோ என்ற சாமுராய் தன்னிடமிருந்த தொட்டி மரங்களையெல்லாம் கொடுத்துவிட்டு பிளம், செர்ரி, பைன் என்று மூன்றை மட்டும் வைத்திருக்கிறார். பனி கொட்டும் இரவில் ஒரு துறவி வந்து தங்குகிறார். குளிர்காய விறகில்லை. மூன்றையும் வெட்டி எரித்துவிடுகிறார். துறவி மாறுவேடத்தில் வந்த ஹோஜோ டோகியோரி என்று பிறகு தெரிகிறது. மரத்துக்கு ஒன்றாக மூன்று நிலங்கள் பரிசு கிடைக்கின்றன. அந்தப் பரிசு இல்லாமலேயே நாடகம் முடிந்திருக்கலாம் என்பது என் எண்ணம். விருந்தாளி வெறும் துறவியாகவே போயிருந்தாலும் சானோ செய்தது சரிதான்.

ஆனால் சானோவின் பதிலை அப்படியே ஹிரோஷிமாவுக்குக் கொண்டுபோக முடியவில்லை. அங்கே அந்த ஒரு குவளையால் யாரும் பிழைத்திருப்பார்களா? மாட்டார்கள் என்று சொல்லித் தப்பிக்கவும் மனசு வரவில்லை, கேட்டவருக்கு அது கடைசி வாயாகவாவது இருந்திருக்கும். 320 வருஷமாக முன்பின் தெரியாதவர்கள் கைமாற்றி ஊற்றி வந்ததை என் கையில் நிறுத்துவதா என்று ஊற்றியவர் நினைத்திருக்கலாம். எதுவுமே நினைக்காமல், காலையில் எழுந்ததும் செய்கிற வேலை என்று செய்திருக்கவும் கூடும். எனக்கு இந்த இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது.

1976-இல் அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டு நிறைவுக்கு ஜப்பான் 53 போன்சாய்களைப் பரிசளித்தது. மசாரு யமாகி அந்தப் பைனைக் கொடுத்தார். குண்டு போட்ட தேசத்துக்கு, ஹிரோஷிமாவில் தப்பிய மரம் என்ற பேச்சையே எடுக்காமல். 2001-இல் அவருடைய பேரன்கள் இருவர் வாஷிங்டன் தேசிய மரத்தோட்டத்துக்கு வந்து தாத்தாவின் மரத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோதுதான் அங்கிருந்தவர்களுக்கு விஷயம் தெரியவந்தது. அதுவரை 25 வருஷம், எந்த நெருப்புக்குத் தப்பி வந்த மரம் என்று தெரியாமலேயே, அந்த ஊர்த் தோட்டக்காரர்கள் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கோடையில் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து.