பிழை பிள்ளையிலா, சேர்க்கையிலா?

"என்ரை பிள்ளை தங்கமான பிள்ளை. சேர்க்கைதான் அவனைக் கெடுத்தது." எமது வீடுகளில் பலமுறை கேட்ட பேச்சு இது. அடுத்த வீட்டுத் தகப்பனும் இதையேதான் சொல்கிறார். அவருடைய கணக்கில் அந்தக் கெட்ட சேர்க்கை எமது பிள்ளை! அப்படியானால் பிழை யாரிடம்?

1990களில் ஸ்காபுறோவில் எமது இளைஞர் சிலர் குழுக்களாகப் பிரிந்து மோதிக்கொண்டதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். போருக்குத் தப்பி வந்த பிள்ளைகள், இரவு பகலாக வேலைக்கு ஓடிய பெற்றோர், பாடசாலையில் ஏளனம். பாதுகாப்புக்கென்று கூடிய கூட்டம் பின்னர் துவக்கு எடுத்தது. 1997 டிசம்பரில், எந்தக் குழுவையும் சேராத பல்கலைக்கழக மாணவன் ஒருவன் டோனற் கடையில் சுடப்பட்டு இறந்தான். 2001 ஒக்ரோபரில் பொலிஸார் 40 பேருக்கு மேல் கைதுசெய்தனர்.

ஒன்ராறியோ ஏரியின் அக்கரையில் உள்ள அமெரிக்க நகரம் றொச்செஸ்ரர். அங்கே 1988இல் தொடங்கிய ஆய்வொன்று, பாடசாலைப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்தது. கெட்டவர்கள் குழுவில் சேருகிறார்களா, குழு கெடுக்கிறதா என்பதே கேள்வி. 1993இல் ஆய்வாளர் தோர்ன்பெரியும் அவரது சகாக்களும் வெளியிட்ட முடிவு எம்மைச் சிந்திக்க வைக்கிறது. சேருமுன் அப்பையன்கள் மற்றவர்களை விடப் பெரிதும் மோசமாக இருக்கவில்லை. குழுவில் இருந்த காலத்தில் வன்முறை கூடியது. விலகியபின் பொதுவாகக் குறைந்தது.

சிற்றினம் சேராமை என்று தனி அதிகாரமே வகுத்த வள்ளுவருக்கு இது புதிதல்ல. ஆயினும் சேர்க்கையை மட்டும் குற்றம் சொல்லித் தப்ப முடியாது. கூட்டம் தள்ளலாம், கை ஓங்குபவன் அவனே. அதற்கு அவன் பதில் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் விலகினால் திருந்துகிறான் என்றால், விலகி எங்கே வருவான்? இங்கேதான் எமது பொறுப்பு தொடங்குகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒரு திருவிழாவில், மறியலில் இருந்து வந்த பெடியன் ஒருவன் சுவாமி தூக்க முன்வந்தான். "நீ தள்ளி நில்" என்றார் ஒருவர். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. என் மகனையும் கையில் பிடித்து அப்பால் இழுத்துக்கொண்டேன். அவன் தலைகுனிந்து வெளியே போனான். அன்று வெளியே அவனைக் காத்திருந்தவர்கள் பழைய கூட்டாளிகள் மட்டுமே.

பெற்றோர்களே, நாமும் ஒரு சேர்க்கைதான். திரும்பி வரும் பிள்ளைக்கு வடத்தில் ஒரு பிடி இடம் விடுவோம்.