வண்டி எப்படிங்க?

பழைய கார் பார்க்க வருகிறவர் முதலில் கேட்பது இதைத்தான். விற்கிறவன் சொல்லும் பதிலும் ஊருக்கே தெரியும். "நம்ம வீட்டுப் புள்ள மாதிரி வச்சிருந்தோம்."

நானும் அதையேதான் சொன்னேன். 2017 ஏப்ரல். விருதுநகரில் எங்கள் வீட்டு வாசலில் நின்றது பதினாறு வயதுச் சின்னக் கார். நாலு பேர் தாராளமாக உட்காரலாம், கல்யாண வீட்டுக்கு என்றால் ஆறு பேர். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் தப்பு கம்பெனியுடையது அல்ல.

வந்தவருக்கு ஊர் சூலக்கரை. விருதுநகரிலிருந்து சாத்தூர் ரோட்டில் போனால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை. இரண்டு பெண் குழந்தைகள், மனைவி, வயதான அம்மா. இத்தனை பேரையும் பைக்கில் ஏற்ற முடியாது என்பதால் முதல் முதலாக ஒரு கார். விலை 55,000 ரூபாய். பேரம்கூட அதிகம் பேசவில்லை. மனிதரைப் பார்த்தாலே தெரிந்தது, சீட்டுப் பணம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

எனக்கு அந்த வண்டியைப் பற்றி இரண்டு விஷயங்கள் தெரியும். ஏ.சி. போட்டு ஆட்களோடு அரை மணி நேரம் ஓட்டினால் டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே ஏறும். எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கட் லேசா கசியுது. இறக்கி வேலை பாத்தா பன்னெண்டாயிரம் ஆகும். விக்கப் போறேங்கிறீக... பிறகு எதுக்கு?" என்றார். இரண்டாவது, பின் சீட்டுக்குக் கீழே இடது பக்கம் தரைத் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. அதன்மேல் புது மேட் வாங்கிப் போட்டிருந்தேன். 600 ரூபாய்.

இன்னொன்றும் செய்தேன். "காலையில ஏழு மணிக்கு வாங்க, வெயிலுக்கு முன்னாடி பாத்துரலாம்" என்று சொல்லியிருந்தேன். அவருடைய வசதிக்குத்தான் சொல்கிறேன் என்று அவரும் நினைத்தார், ஏறக்குறைய நானும் நினைத்தேன். சூடேறும் வண்டி காலை ஏழு மணிக்கு மூன்று கிலோமீட்டரில் சூடேறாது.

அவர் எதையும் கேட்கவில்லை. நானும் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆர்.சி. புத்தகத்தைக் கொடுத்தேன், படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டேன். மூத்த பெண் பின் சீட்டில் ஏறி, அந்தப் புது மேட்டின்மேல் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

ஆடி வெள்ளி. மத்தியானம் போன் வந்தது. குடும்பத்தோடு இருக்கன்குடிக்குப் போயிருக்கிறார்கள். சாத்தூருக்கு முன்னாலேயே பானெட்டிலிருந்து ஆவி. நான்கு வழிச்சாலையில் நிழல் ஏது? அம்மாவை ஒரு கருவேல மரத்தடியில் துண்டு விரித்து உட்கார வைத்துவிட்டுப் பேசினார். சண்டைக்கு வருவார் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். பழைய வண்டிதானே, பார்த்துத்தானே வாங்கினீர்கள், இப்படி. அவர் சண்டை போடவே இல்லை. "சார், தப்பா நெனச்சுக்கிடாதீங்க. முன்னாடி எப்பவாச்சும் இப்பிடி ஆயிருக்கா? மெக்கானிக் கேட்டா சொல்லணும்ல, அதுக்குத்தான்" என்றார்.

"இல்லையே" என்றேன்.

அதுவரை வாய்மூடி இருந்தவன் என்று என்னைப் பற்றி எனக்கொரு கணக்கு இருந்தது. அந்த ஒரு சொல்லோடு அது முடிந்தது.

ஆனால் அதற்கு முந்தைய மூன்று மாதம்? கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல விற்கிறவனுக்குக் கடமை உண்டா? நல்ல ஆட்கள் இரண்டாயிரம் வருஷமாக இதில் சண்டை போட்டிருக்கிறார்கள். கி.மு. 44-ல் ரோமாபுரிக்காரர் சிசரோ தன் மகனுக்குக் கடமைகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் ஒரு வழக்கு வருகிறது. ஒருவன் வீடு விற்கிறான். வீட்டில் விஷ ஜந்துக்கள் வரும், மரமெல்லாம் உளுத்தது. அவனுக்கு மட்டும் தெரியும். சொல்ல வேண்டுமா? டயோஜெனிஸ் என்ற குரு வேண்டாம் என்கிறார். வாங்கு என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, உளுத்த வீடு விற்பனைக்கு என்று தமுக்கு அடிக்கவா முடியும் என்று கேட்கிறார். அவருடைய சீடர் ஆன்டிபேட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. வழி தெரியாமல் நிற்பவனுக்கு வழி காட்டாமல் போவதைவிட இது மோசம், அவனைத் தெரிந்தே தப்பு வழியில் அனுப்புவது என்கிறார். சிசரோ சீடர் பக்கம். சும்மா இருப்பதெல்லாம் மறைப்பு அல்ல, உன் லாபத்துக்காக, தெரிந்துகொள்ள வேண்டியவனிடம் சொல்லாமல் இருக்கிறாயே, அதுதான் மறைப்பு என்கிறார்.

நம் சட்டத்தைப் பார்த்தால் இன்னும் சுவாரசியம். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பதினேழாவது பிரிவு. வெறும் மௌனம் மோசடி ஆகாது என்கிறது. உதாரணத்துக்கு ஒரு குதிரையைக் கொண்டுவருகிறது (கார் வராத காலம்). குதிரைக்குக் குறை இருப்பது ஏலம் விடுகிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனிடம் சொல்லவில்லை, மோசடி இல்லை. ஆனால் வாங்குகிறவள் அவனுடைய மகளாக, அப்போதுதான் வயதுக்கு வந்த பெண்ணாக இருந்தால்? அப்போது சொல்லியாக வேண்டும், உறவு அப்படி என்கிறது அதே பிரிவு. இன்னோர் உதாரணம். "நீ மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரை நல்லது என்று எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குகிறவன் சொல்லி, விற்கிறவன் பேசாமல் இருந்தால், அந்த மௌனமே பேச்சு.

மகள் உதாரணத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் மகள் அந்த வண்டியை வாங்கியிருந்தால் பன்னிரண்டாயிரம் செலவழித்து கேஸ்கட்டை மாற்றித்தான் கொடுத்திருப்பேன். மேட்டைத் தூக்கி நானே காட்டியிருப்பேன். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்த அந்தப் பெண் சூலக்கரைக்காரர் மகள் என்பதால் சட்டப்படி எனக்கு விடுதலை. "வீட்டுப் புள்ள மாதிரி" என்று சொன்னதும் நான்தான்.

இதெல்லாம் நடந்தது ஒரு வியாபார ஊரில். மல்லி, மிளகாய், பருப்பு, எண்ணெய் என்று பேப்பரில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் பார்த்துத்தான் பல ஊர்களில் விலை பேசுவார்கள். பஜாரில் மூட்டையை வாங்குகிறவர் குத்தூசியால் நடுமூட்டையில் குத்தி எடுத்து உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார். மேலே நல்ல மல்லி, உள்ளே சொத்தை என்றால் அங்கேயே தெரிந்துவிடும். விற்கிறவர் கோபித்துக்கொள்ள மாட்டார். காருக்கும் குத்தூசி உண்டு, எங்கே குத்துவது என்று தெரிய வேண்டும். பிராயச்சித்தமோ என்னமோ, தெரிந்தவர்கள் யார் பழைய கார் பார்க்கப் போனாலும் இப்போது நானும் கூடப் போகிறேன்.

இரண்டு தடவை போக வேண்டும். ஒரு தடவை விடியற்காலையில், விற்கிறவர் இன்ஜினைத் தொடுவதற்கு முன். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருக்க வேண்டும். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது. குளிர் காலையில் கொஞ்சம் வெள்ளைப் புகை சகஜம். வண்டி சூடான பிறகும் நிற்காமல் வந்தால், தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று சந்தேகப்படலாம். ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். பால் விட்ட காபி நிறத்தில் பிசுபிசுத்தால் பெரும்பாலும் கேஸ்கட்தான். ரேடியேட்டர் மூடியையும் அப்போதே பார்த்துவிடுங்கள், சூடான பிறகு திறந்தால் முகம் வெந்துவிடும்.

இரண்டாவது தடவை உச்சி வெயிலில். மனைவி, மக்கள், மாமியார் எல்லோரையும் ஏற்றுங்கள், ஏ.சி.யைப் போடுங்கள், அரை மணி நேரம் ஓட்டுங்கள். முள்ளைப் பாருங்கள். "எதுக்குங்க பெட்ரோலை வீணாக்குறீங்க" என்று விற்கிறவர் சொன்னால் பெட்ரோலுக்குக் காசு கொடுத்துவிடுங்கள். நான் ஏழு மணிக்கு வரச் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மேட்களை எல்லாம் தூக்கிப் பாருங்கள், டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியிலும். கதவுக்குக் கீழே ஓரத் தகட்டைக் கட்டை விரலால் அழுத்துங்கள். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி பாடியில் வைத்தால், பட்டி அப்பியிருக்கும் இடத்தில் ஒட்டாது. கிலோமீட்டரை நம்பவே வேண்டாம். மீட்டர் நாற்பதாயிரம் காட்டி, பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் ரப்பரை நம்புங்கள். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், லோயர் ஆர்ம் புஷ் என்று ஒரு செலவு காத்திருக்கிறது. மற்றபடி ஹாரன், வைப்பர், கண்ணாடி இறங்குவதெல்லாம் சின்ன விஷயம், அதிலேயே நேரத்தை விடாதீர்கள்.

காகிதம் முக்கியம். கடன் முடிந்து ஹெச்.பி. கேன்சல் ஆகியிருக்கிறதா, சேசிஸ் நம்பர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பதினைந்து வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து கட்டணம் 5,000 ரூபாய். இருபது வயதைத் தாண்டினால் 10,000 என்று 2025 ஆகஸ்டில் உயர்த்தினார்கள். பசுமை வரி தனி. இதை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள். விற்கிறவர்களுக்கும் ஒன்று. வண்டி கைமாறியும் பெயர் மாறாமல் இருந்து விபத்து நடந்தால், பதிவில் பெயர் உள்ளவர்தான் நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

இவ்வளவும் வாங்குகிறவர் செய்ய வேண்டியவை. விற்கிறவன் வாயைத் திறந்தால் இதில் பாதி வேலை மிச்சம். ஏன் திறப்பதில்லை? அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய கட்டுரை. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னது இது: எது நல்ல வண்டி, எது ஓட்டை வண்டி என்று வாங்குகிறவனுக்குத் தெரியாது. ஆகவே எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்க மாட்டான், ஓட்டை வண்டிக்காரன் ஓடி வருவான். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது ஓட்டை மட்டும். உண்மையைச் சொல்கிறவனையும் யாரும் முழுசாக நம்புவதில்லை. ஒரு குறையைச் சொல்கிறான் என்றால் இன்னும் ஒன்பது இருக்கும் என்றுதான் தோன்றும்.

2022-ல் பன்னிரண்டாயிரம் ரூபாயைக் கவரில் போட்டுக்கொண்டு சூலக்கரைக்குப் போனேன். ஐந்து வருஷம் ஏன் ஆயிற்று என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வாசலில் கார் இல்லை. உட்காரச் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன், காலை ஏழு மணி உட்பட.

"தெரியும் சார். ஹெட்டை இறக்குன அன்னைக்கே மெக்கானிக் சொல்லிட்டாரு, இது பழைய கசிவுன்னு" என்றார். கவரை அவர் தொடவில்லை. சின்னப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"வண்டி?"

"போன வருசம் வித்துட்டேன். மறுபடி எஃப்.சி. வந்துச்சுல்ல, அந்தச் செலவுக்கு முன்னாடி தள்ளிரலாம்னு."

கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டேன். "அந்த ஃப்ளோர் துரு... சொன்னீங்களா?"

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மொத வந்தவர்கிட்ட சொன்னேன். போயிட்டாரு. ரெண்டாவது வந்தவர்கிட்டயும் சொன்னேன், அட்வான்ஸ் குடுத்தவரு திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாரு. மூணாவது ஆளு கேக்கல சார்."

உள்ளேயிருந்து டீ வந்தது. எனக்கு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"நீங்க போட்டிருந்த மேட்டு அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு."